ஹாதர்லி தோட்டத்துத் தூண்

ஹாதர்லி பங்களாவின் தோட்டத்தில், நாங்கள் கிரிக்கெட் ஆடும் புல்வெளியின் ஓரமாகவே அந்தக் கிரேக்கத் தூண் நிற்கிறது. பங்களாக்காரரின் பாட்டனார் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த வெள்ளைப் பளிங்கு. அதில் பந்து பட்டால் நான்கு ரன் என்பது ஊர் வழக்கம். குறி பார்த்து அடிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

நான் கிரேக்க நாட்டுக் கோர்ஃபு தீவுக்காரன். இங்கிலீஷ்காரன் எங்கள் தீவில் விட்டுப்போன ஒரே உருப்படியான விஷயம் கிரிக்கெட். இந்த இங்கிலாந்துக் கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து கிளப் கூட்டம் தவறாமல் சண்டை போட்டேன். போன குளிர்காலத்தில்தான் வழிக்கு வந்தார்கள். தூணில் பந்து பட்டால் இனி அவுட். பழைய சிவப்புக் கறைகளையெல்லாம் நானே கழுவித் துடைத்தேன்.

இந்தக் கோடையில் பக்கத்து ஊர் நெதர்டன்காரர்களோடு ஆட்டம். அவர்களை நாங்கள் ஜெயித்து வெகுகாலம் ஆயிற்று. கடைசி விக்கெட், கடைசிப் பந்து, மூன்று ரன் வேண்டும், மட்டை என் கையில்.

"ஸ்டமாட்டி, உங்க பாட்டன் கல்லப் பாத்துக் கும்பிட்டுட்டு நிக்காத. அடிடா!" என்று கத்தினார் கறிக்கடை டெரெக், எங்கள் கேப்டன்.

அடித்தேன். பந்து தூண் பக்கமாகப் பறந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. வெயிலில் கண் கூச, நடுவர் ஹில்டா அம்மாள் கையை வீசி நான்கு என்றார். டெரெக் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

பந்தை எடுக்க நான் போனேன். தூணில் நகக்கண் அளவு புதுச் சிவப்பு.

பின்னாலேயே வந்த டெரெக்கும் பார்த்துவிட்டார். "யாரும் பாக்கல. கைக்குட்டையால ஒரு இழு இழுத்துட்டு வா."

"பட்டா அவுட்டுன்னு சொன்னவனே நான்தானே!"

"இது உங்க தீவுக் கல்லுகூட இல்லயேடா! எங்கயோ ஏதென்ஸ் பக்கத்துக் கல்லு!"

"எங்க ஆளுங்க செதுக்கினது."

மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். "ஹில்டாம்மா! பந்து தூண்ல பட்டிருக்கு. நான் அவுட்டு. விரலத் தூக்குங்க!"

அவர் வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், விரலைத் தூக்கினார். நெதர்டன்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். நான் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்தேன். ஜெயித்த நாளில்கூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

டெரெக் பீர் கோப்பையோடு தனியாக உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அப்போது நெதர்டன் பந்துவீச்சாளன் ஒருவன் ஒய்யாரமாகத் தூணில் சாய்ந்தான்.

டெரெக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"டேய், தள்ளி நில்லுடா! எங்க ஸ்டமாட்டி ஊர்த் தூணுடா அது!"