எரிமலை வாயருகே ஒரு வெள்ளை

மோஹாவே பாலைவனத்தில் கடற்படை ராக்கெட் விட்டுப் பார்க்கும் களத்துக்கான வரைபடத்தை மெர்ல் ஸ்ட்ரவுட் அன்று மாலை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை சொதப்பியிருக்கிறான். இன்னொரு தடவை என்றால் அலுவலகத்தில் உட்காரவைத்து, பிறர் வரைந்ததைப் பிரதி எடுக்கச் சொல்லிவிடுவார்கள். நான்கு சுவருக்குள் அவனுக்கு மூச்சு முட்டும்.

குன்றின் மேல் முக்காலியில் வரைபலகையைப் பொருத்தி, தொலைநோக்கியில் அணைந்த எரிமலை வாயைப் பார்த்தான். பலகையில் ஒட்டிய தாளில் அது வேறெங்கோ இருந்தது.

"ஓட்டிஸ், நேத்து பலகையை எதை வச்சு திசை பாத்துத் திருப்புனோம்?"

அளவுகோல் பிடிக்கும் ஓட்டிஸ் கிரெய்ல் டப்பாவிலிருந்து பீன்ஸை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். "குறி பாக்க நட்ட நம்ம கொடி புழுதில தெரியல. திசைகாட்டி முள்ளு போதும்னு நீதான் சொன்ன."

மெர்ல் திசைகாட்டியைக் கறுத்த பாறையருகே கொண்டுபோனான். முள் பாறைப் பக்கம் சாய்ந்தது. கல்லுக்குள் இரும்பு.

"நாசமாப் போச்சு."

"எரிமலைக் கல்லு மேல நின்னுக்கிட்டு முள்ள நம்பியிருக்க. உன்னைக் கழுதை கூட மதிக்காது." ஓட்டிஸ் கரண்டியை நக்கினான். "விடுய்யா. எவன் வந்து பாக்கப் போறான்?"

"வருவான். அந்த எரிமலை மேட்டுக்குப் பின்னாலதான் பதுங்குகுழி வெட்டப் போறாங்க. ராக்கெட் விடறப்ப உள்ள ஆளு உக்காருவான். தாள்ல இருக்கற எடத்துல மேடு இல்ல."

"திரும்ப அளக்கலாமா?"

"பொழுது இல்ல."

காலையில்தான் பென்சில் கோடுகள் மேல் மை போட்டிருந்தான். சவர பிளேடை எடுத்து, முந்தின நாள் வரைந்த உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினான். தாளில் காற்று அடிக்காமல் ஓட்டிஸ் மறைத்து நின்றான்.

சாயங்காலம் ஜீப்பில் வந்த லெப்டினன்ட் குரோஸ்பெக் தாளை விரித்தார். "என்னய்யா இது, நடுவுல ஓட்டை?"

"அளக்கல, லெப்டினன்ட்."

"நேத்து முழுக்க இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தோம். தப்பா அளந்தேன். சுரண்டிட்டேன்."

"இத அப்படியேதான் மேலிடத்துக்கு எழுதுவேன்."

"எழுதுங்க. வெள்ளையா இருக்கற எடத்துல மட்டும் குழி வெட்ட வேணாம்."

லெப்டினன்ட் தாளைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கியதும் மெர்ல் முக்காலியை மடக்கினான்.

"ஆபீஸ்ல ஜன்னல் இருக்குமா?"

"இருக்கும்," என்றான் ஓட்டிஸ். "தொறந்தா எதிர்ல செங்கல் சுவரு."