வேண்டுமென்றே

மூன்றாம் பக்கத்தின் ஏழாவது வரியில் ஒரு சொல் விட்டுப்போயிருப்பதை ஒற்றக்கா திங்கட்கிழமை மதியமே பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக அந்த அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு ஒற்று காணாமல் போனால்கூடச் சோறு இறங்காது என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கையிலிருந்தது பொது இட ஒழுங்கீனச் சட்டத்துக்கு அரசு கொண்டுவரப்போகும் திருத்தத்தின் வரைவு. பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாள். ‘பொது இடத்தில் வேண்டுமென்றே உடலை ஆபாசமாக வெளிக்காட்டுபவர்’ என்று அதில் இருந்தது. வரைவில் ‘வேண்டுமென்றே’ இல்லை. தட்டச்சு செய்த பிள்ளை எந்த ஞாபகத்தில் இருந்ததோ என்று சிரித்துக்கொண்டே, சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை உள்ளே சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மேலாளர் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

“அக்கா, இது பிழை இல்ல. அந்த வார்த்தைய அவங்கதான் எடுத்திருக்காங்க. திருத்தமே அதுதான். நீங்க பாட்டுக்குத் திருப்பி உள்ள வச்சிட்டீங்க.”

“அப்போ, தெரியாம செஞ்சவங்க?”

“அதெல்லாம் நமக்கெதுக்குக்கா? எழுத்து சரியா இருந்தா போதும்.”

அவர் போனபிறகு முழு வாக்கியத்தையும் முதல்முறையாக அர்த்தத்துக்காகப் படித்தாள். ‘பொது இடத்திலோ, பொது இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் எந்த இடத்திலோ’ என்று இருந்தது. தண்டனை மூன்று வருடம் வரை. தான் சேர்த்த சொல்லைத் தானே அடிக்கும்போது பேனா ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

அவள் கணவர் நூலகராக இருந்தவர். தபால்காரர் மணியடித்தால்கூடக் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார். இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, இப்போது உடம்பில் துணி நிற்பதில்லை. எரியுது எரியுது என்று உருவிப் போட்டுவிட்டு வெளிச்சம் தேடி ஜன்னலுக்குப் போய்விடுவார். பித்தான்களை முதுகுப்பக்கம் வைத்துத் தைத்துப் பார்த்தாள். அதையும் எப்படியோ கழற்றக் கற்றுக்கொண்டார். அச்சகத்துக்குப் பின்தெருவில்தான் வீடு. பூட்டிவிட்டு வருவாள், மதியம் ஓடிப்போய்ப் பார்ப்பாள். அச்சகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

வரைவின் கடைசிப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. பெயர், முகவரி, ஆட்சேபத்துக்கான காரணம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பெயரை எழுதினாள். முகவரியில் பேனா நின்றது. காரணத்தை எழுதினால் இன்ன தெருவில் இன்ன ஜன்னலில் போய்ப் பாருங்கள் என்று தானே கையைப் பிடித்து அழைத்துப்போவது போல ஆகும். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், குப்பைக்கூடையில் போடக்கூடப் பயமாக இருந்தது.

மதியம் போனபோது கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தாள். நல்லவள்தான், அவசரத்துக்குச் சாவி வாங்கி வைத்திருப்பவள். அன்று நேருக்கு நேர் பார்க்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. நேத்து ஐயா ஜன்னல்ல நின்னாரு. எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல எடுத்து வச்சிருக்காரு. வயசுப் பொண்ணுங்க இருக்கற வீடு, பேப்பர்ல போட்டிருக்கற அந்தப் புதுச் சட்டம் வரட்டும்ங்கிறாரு.”

“அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?”

மேலே போகாமல் திரும்ப அச்சகத்துக்கு ஓடி, கழித்துப்போட்ட தாள்களில் ஒரு கட்டும் பசை டப்பாவும் கொண்டுவந்தாள். என்ன தாள் என்று பார்க்கவில்லை. கண்ணாடி முழுக்க ஒட்டி முடித்தபிறகுதான் அது அந்த வரைவே என்று தெரிந்தது. அவசரத்தில் இரண்டு தாள் கோணல்.

கணவர் சட்டையோடு வந்து நின்று, மூக்கு இடிக்கிற தூரத்தில் நிதானமாகப் படித்தார்.

“யார் மேல கேஸ் இது?”

“யாரோ ஒருத்தர் மேலங்க.”

“பாவம். அவங்க வீட்டுல யாரும் எடுத்துச் சொல்லக் கூடாதா?”

கைப்பசையைக் கழுவும் சாக்கில் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மூடியபோது உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது. ஓடிவந்தாள். சட்டையும் வேட்டியும் தரையில் கிடந்தன. பசை காயாத தாளை அவர் பொறுமையாக நகத்தால் உரித்து, ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடியைத் திறந்திருந்தார். அதன் வழியாக வந்த வெயில் அவருடைய வெற்று மார்பில் விழுந்தது. “இப்பத்தான் வெளிச்சம்” என்றார். கீழே தெருவில் யாரோ பேசிக்கொண்டே வந்தவர்கள், பேச்சை நிறுத்தினார்கள்.