எய்னாரின் நாற்பத்திரண்டாவது குளவி

டென்மார்க்கில் குளவியைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழுகிறார்கள். பொதுமக்கள் பூச்சிப் படங்களை ஏற்றும் இணையப் பதிவேட்டில், சிலந்தி பிடிக்கும் சிலந்திக் குளவிகளைச் சரிபார்ப்பது நான். சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து, கறுப்பு உடம்பும் சிவப்பு வயிறுமாக ஒன்றுபோலவே இருக்கும் குளவிகளைப் பார்த்து, 'படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது' என்று எழுதுவேன். பதினாறு வருஷமாக இதே வரி. அலுத்துவிட்டது. இறக்கை நரம்பை உருப்பெருக்கியில் பார்க்காமல் இதுகளுக்குப் பெயர் சொல்ல முடியாது என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

முடியாது என்றால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் எய்னார் மட்டும் எந்த நரம்பு, எங்கே பிரிகிறது என்று கேட்டுக்கொள்வார். அடுத்த படத்தில் இறக்கை இன்னும் தெளிவாக இருக்கும். அப்படியும் போதாது. பிடித்து அனுப்பச் சொன்னால் மாட்டார். அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கிறது, பெயருக்காக அதை ஏன் கொல்ல வேண்டும் என்பார். இப்படியே நாற்பத்தொரு படம்.

ஜூலையில் ஒருநாள் மத்தியானம் அவர் மகள் சிஸ்ஸெல் போன் செய்தாள். அப்பாவுக்குப் புற்றுநோய், டாக்டர் மூன்று வாரம் என்கிறார் என்றாள். எத்தனை நாள் என்பதைத் தன்னிடம் சொல்லவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.

"ஒரே ஒரு குளவிக்குப் பேர் போட்டுடுங்களேன். சந்தோஷப்படுவார். யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதிவேட்டில் பொய் எழுதுவதற்கா இத்தனை வருஷம் மாரடித்தேன் என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அவருடைய புதுப் படம் வந்தது. வாசல்படியில் ஒரு குளவி சிலந்தியைப் பின்பக்கமாக இழுத்துப் போகிறது. கை நடுங்கியதில் எல்லாம் கலங்கிக் கிடந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் என் பிடிவாதம் போய்விட்டது. இருப்பதிலேயே சாதாரணமான ஒரு பெயரைப் போட்டு, உறுதி என்று அழுத்தினேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பத்து நிமிஷத்தில் எழுதினார்: "டோர்டே, இதுல இறக்கையே தெரியல. நல்லா விழுந்த நாப்பத்தொண்ணுக்கும் முடியாதுன்னீங்க. இதுக்கு மட்டும் எப்படிப் பேர் வந்துச்சு? சிஸ்ஸெல் பேசினாளா?"

நான் பதில் யோசிப்பதற்குள் இன்னொரு வரி வந்தது.

"அவ்வளவு சீக்கிரமாவா?"

பெயரை அழித்தேன். தன் காதில் விழவே கூடாது என்று அவர் சொல்லியிருந்ததை, பாவி, நானே சொல்லிவிட்டேன்.