இருபத்தொன்று இருந்தால்தான் சரி

என் மேல்தான் தப்பு. வெள்ளிக்கிழமை காலை, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. அப்பாடா, யாரும் லீவில்லை என்று தேவாலயத்துப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். இருபத்தொன்று இருந்தால்தான் சரி என்பது மண்டையில் ஏறவே இல்லை.

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசாங்கம் வவுச்சர் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து எங்கள் கத்தோலிக்கப் பள்ளி நிரம்பி வழிகிறது. என் வகுப்பில் கத்தோலிக்கர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் பூசையில் நெஞ்சுக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு போவார்கள். சாமியார் அவர்களுக்கு நற்கருணை அப்பம் தராமல் ஆசீர்வாதம் மட்டும் செய்து அனுப்புவார். என் வகுப்பு ஒடெஸாவுக்கு அதுகூடத் தெரியாது. பூசை வேண்டாம் என்று அவள் அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள். சட்டப்படி அதற்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அவள் ஆபீசில் உட்கார்ந்து படம் வரைவாள்.

இடைவேளையில் அவள் என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மிஸ், அந்தத் தாத்தா ஃபாதர் கையில வச்சிட்டாரு. வேணாம்னு சொல்லப் பயமா இருந்துச்சு. நான் திங்கல மிஸ், சத்தியமா."

ஸ்வெட்டர் பையிலிருந்து அந்த வெள்ளை அப்பத்தை எடுத்தாள். ஓரத்தில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. இயேசுவின் உடல் என்று நாங்கள் நம்புவது அது, குப்பையில் போடக்கூடாது. முப்பத்தொரு வருஷ வேலையில் இப்படி நடந்ததில்லை. கைக்குட்டையில் வாங்கி மூடினேன்.

தலைமையாசிரியர் பிரெண்டனிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர்.

"லொரேன், வாயில போட்டு முழுங்குங்க. முடிஞ்சுது. அந்தம்மாகிட்ட மூச்சு விடாதீங்க."

"பொண்ணு வீட்டுல சொல்லுமே?"

"சொல்ல வேணாம்னு சொல்லுங்க. அந்தம்மா புள்ளைய கூட்டிட்டுப் போயிட்டா என்ன பண்றது? நாலு பேர் காதுல விழுந்தா?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மாவிடம் மறைக்கச் சொல்லித் தரவா நான் இங்கே வந்தேன்? சீ! ஆனால் பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தே பிடிபடாமல் வந்த பெண் இன்று வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறாள். அவளைப் பறிகொடுக்க எனக்கு மனசில்லை.

மூன்று மணிக்கு ஒடெஸாவின் அம்மா வெர்லின் வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவள், கண்கள் சிவந்திருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது இப்ப எங்க?" என்றாள்.

கைக்குட்டையைப் பிரித்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"பாக்கெட்லயாடி போட்ட? அறிவிருக்கா உனக்கு?"

"அவளைத் திட்டாதீங்க, தப்பு என்னோடது."

"உங்களையும்தான் திட்டப்போறேன் டீச்சர், இருங்க. எனக்கு நம்பிக்கை இல்லாமயா பூசை வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்? எங்க சபையிலயும் இது உண்டு. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, மனசைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கை நீட்டுவோம். நானே போன மாசம் எடுக்கல. தங்கச்சியோட சண்டை, பேச்சுவார்த்தை இல்ல. எந்த மனசோட எடுக்குறது? இங்க புள்ளைங்க சாப்பாட்டு லைன் மாதிரி போகுதுங்க. பள்ளிக்கூடத்தைச் சுத்திப் பாக்க வந்தன்னிக்கே பாத்தேன். அதான் என் புள்ள வேணாம்னேன்."

அவள் சொன்னது உண்மை.

"எடுத்துக்கங்க. அப்படியே வச்சிருக்கக் கூடாதில்ல?" என்றாள், குரலைத் தணித்து.

நூலோடு சேர்த்து வாயில் வைத்தேன். வெர்லின் தலை குனிந்து நின்றாள். ஒடெஸாவின் தலையையும் கையால் அழுத்திக் குனிய வைத்தாள். நான் விழுங்கும்வரை இருவரும் நிமிரவில்லை.

"திங்கக்கிழமை வருவா. வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்கா எண்ணுங்க" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளி இருபத்தொரு பேரை எண்ணிக் கூட்டிப் போனேன். ஒடெஸா ஆபீசில் இருந்தாள். எனக்கு முன்னால் போன இரண்டு பையன்கள் ஒருவனை ஒருவன் முழங்கையால் இடித்துக்கொண்டே வாங்கினார்கள். பிறகு என் முறை. முப்பத்தொரு வருஷமாக நீட்டிய கைதான். மூன்று வருஷமாக என் அண்ணனோடு நான் பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கைகளை மடக்கி நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டேன்.