பேரரசர் ‘ஏங்க’ என்று கூப்பிட்ட வீடு

பெட்டிக்காரனின் மனைவி இறந்த மறுவாரம், காலையில், பேரரசர் அவள் குரலில் பேசினார். “ஏங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார். பத்தொன்பது கோள்களிலும் மற்ற எல்லா வீடுகளிலும் அன்று வழக்கமான காலை வாக்குதான் வந்தது: நான் இருக்கிறேன், நீங்கள் என் பிள்ளைகள், வேலைக்குப் போங்கள். பெட்டிக்காரன் திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். துண்டு அங்கேதான் கிடந்தது. எடுத்துக் கொடியில் போட்டான்.

அருள்பெட்டி இல்லாத சுவர் பேரரசில் கிடையாது. தலைமைக் கோளில் பேரரசர் பேசுவது அதன் சல்லடை வழியே வரும். தூரம் காரணமாக, அவர் பேசி ஒன்பது வருடம் கழித்துத்தான் பெட்டிக்காரனின் ஊருக்கு வந்து சேரும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சாகிறவரைத் தூக்கி நிறுத்தி, கடைசி மூச்சைச் சல்லடைக்குள் விடவைப்பது வழக்கம். மூச்சு கம்பி வழியாகப் போய்ப் பேரரசரோடு சேர்ந்துவிடும் என்பது மதம். பெட்டிக்காரன் அந்த வட்டாரத்துப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவன். காய்ச்சலில் கிடந்த மனைவி கொஞ்சம் தூங்கட்டும் என்று, பெட்டியின் இரைச்சலை நிறுத்த, பின்னால் இருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டிருந்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாது. கடைசி நேரத்தில் அவனும் மாமியாரும் அவளை இரண்டு பக்கமும் தாங்கி முகத்தைச் சல்லடையில் வைத்தார்கள். கம்பியை மாட்ட மறந்துபோனான். அடக்கம் முடிந்து வந்து மாட்டியபோது காலம் கடந்திருந்தது. மூச்சு போக வழியில்லாமல் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. சொல்வதைக் கேட்கிற பாகம் எதுவும் அதில் வைக்கப்படவில்லை என்பது பெட்டிக்காரர்கள் வெளியே சொல்லாத விஷயம். ஆனாலும் அவன் “தரையை நாளைக்குத் துடைக்கிறேன்” என்றால் பெட்டி “இன்னிக்கே” என்றது. மாமியார் நாற்காலியைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு முழு நாளும் அங்கேயே இருந்தார். “உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் மாப்பிள்ளை. உங்களைத்தான் ஏங்க ஏங்கன்னு கூப்பிடுவா. பெத்தவ ஒருத்தி இருக்கேனேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா” என்று குறைப்பட்டார். உடனே பெட்டி, “அம்மா, மாத்திரை போட்டியா?” என்றது. மாமியார் போடவில்லை. எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் அப்படி ஒரு மழைக்காலத்தைக் கழித்தார்கள். பெட்டிக்காரன் அந்த மாதங்களில் அழவில்லை. அழ வேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த வீட்டுத் தையல்காரர் நல்ல மனிதர். சுவர் மெல்லியது. “எங்க வீட்டுல வேலைக்குப் போங்கன்னுதான் வருது. உங்களுக்கு மட்டும் துண்டு, மாத்திரைன்னு தனியா வருதே, அப்படி என்ன தம்பி செல்வாக்கு?” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கடமை என்பதால், கோயிலில் போய்ச் சொல்லியும் வைத்தார்.

வாக்கு அதிகாரி இரண்டு காவலர்களோடு வந்தார். களைத்த மனிதர், அன்று மட்டும் அவர் ஏறிய நான்காவது மாடி அது. சட்டம் எளிமையானது என்று விளக்கினார். பெட்டி பழுது என்றால் கோயில் உலையில் போட்டு உருக்க வேண்டும். பழுதில்லை என்றால் அதில் வருவது பேரரசரின் குரல். இரண்டில் எது என்று அந்த வட்டாரத்துப் பெட்டிக்காரன்தான் பெட்டியில் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

“அது என் பொண்ணு...” என்று மாமியார் ஆரம்பித்தார்.

“யாரும்மா?”

“பேரரசர்னு சொல்ல வந்தேங்கய்யா. வாய் குளறிடுச்சு.”

அப்போது பெட்டி, “ஏங்க, வந்தவங்களை நிக்க வச்சா பேசுவாங்க? உக்காரச் சொல்லுங்க” என்றது. அதிகாரி தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார். காவலர்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.

பெட்டிக்காரன் பெட்டியில் கை வைத்தான். சல்லடை வெதுவெதுப்பாக இருந்தது. உலையை அவனுக்குத் தெரியும். எத்தனையோ பெட்டிகளை அவனே தூக்கிப் போட்டிருக்கிறான். “பழுதில்லை” என்றான்.

பழுதில்லாத பெட்டி அந்த வீட்டில் இருக்க முடியாது என்பதை அதிகாரி அதற்குப் பிறகு சொன்னார். பேரரசர் தம் குரலை மாற்றிக்கொண்டிருக்கிறார்; அந்தக் குரல் முதலில் இறங்கிய பெட்டி தலைமைக் கோளின் கோயிலில்தான் இருக்க வேண்டும். கப்பல் போய்ச் சேரப் பதினொரு வருடம். பட்டுத்துணியில் சுற்றி, தெருவே மண்டியிட்டிருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேரரசர் போகும்போது யாரும் தலை தூக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. “எங்க தூக்கிட்டுப் போறாங்க? ஏங்க, நீங்க வரலையா?” என்று துணிக்குள்ளிருந்து குரல் கேட்டுக்கொண்டே போயிற்று. பெட்டிக்காரன் மண்டியிட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பத்தில் குரல் நின்றது.

அவள் அந்த வீட்டில் சொன்னவை, தையல்காரர் சொல்லக் கோயிலில் எழுதிவைத்தபடி, பத்தொன்பது கோள்களுக்கும் ஆணையாகப் போயின. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது குற்றமாயிற்று. தண்ணீரே இல்லாத ஒரு கோளில், சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்காகவே துண்டுகளை வரவழைத்துக் கொடியில் தொங்கவிட்டார்கள். ‘ஏங்க’ என்பது யாரைக் குறிக்கிறது என்று பண்டிதர்கள் பல வருடம் சண்டை போட்டு, குடிமக்கள் அனைவரையும் என்று முடிவு செய்தார்கள். பெட்டிக்காரன் வீட்டுச் சுவரில் புதுப் பெட்டி மாட்டினார்கள். அதில் ஒன்பது வருடம் முந்தைய பழைய குரல், வேலைக்குப் போகச் சொன்னது. அவன் போனான். மூன்றாம் வருடம் மாமியார் படுத்த படுக்கையானார். “கம்பியை ஒழுங்கா மாட்டிட்டீங்களா மாப்பிள்ளை? நானாவது அவகிட்டப் போய்ச் சேரணும்” என்றார். மாட்டியிருந்தான். அவர் மூச்சு போய்விட்டது; பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரர் கண் மங்கிக் கடையை மூடினார். பெட்டிக்காரன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதை முடிவென்று சொல்ல முடியாது, அப்படியே இருந்துவிட்டான்.

கப்பலுக்குப் பதினொன்று, குரல் திரும்பி வர ஒன்பது. இருபதாம் வருடம், அவனுக்கு ஐம்பது வயது நடந்தபோது, ஒரு காலை பெட்டி கரகரத்தது. “ஏங்க, இருக்கீங்களா? சத்தத்தையே காணோம். இங்க எல்லாரும் விழுந்து விழுந்து கும்பிடுறாங்க, ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. அம்மா மாத்திரை போட்டாளா?”

தெரு முழுக்க மண்டியிட்டு, “இருக்கிறோம்” என்று ஒரே குரலில் பதில் சொன்னது. அந்தக் குரல் போய்ச் சேரச் சேர, காலையில் ஒரு மாத்திரை விழுங்குவது எல்லாக் கோள்களிலும் வழிபாட்டில் சேர்ந்தது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பெட்டிக்காரன் நாற்காலியைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டான். “அத்தை போயிட்டாங்க. நான் இருக்கேன்” என்றான். காது இல்லாத பெட்டிதான். பழைய பெட்டியும் காது இல்லாமல்தான் கேட்டது. அவன் சொன்னது போய்ச் சேர ஒன்பது வருடம், பதில் வர ஒன்பது. அறுபத்தெட்டு வயதில் பல் இருக்காது, காது கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு குளித்தான். கதவைத் தாழிட்டான். தெருவில் எல்லாக் கொடிகளிலும் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தன் துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பச் சட்டையைத் தேடினான்.