முதல் பாட்டிலில் மின்னிய பதினொன்று

நான் அவசரக்காரி. அம்மா சொன்னாள், அக்கா சொன்னாள், இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் என்னோடு வேலை பார்த்த ஆமையும் சொன்னாள். ஆமை நான் வைத்த பெயர்தான். ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்க்கின், அதாவது தட்டையான பிளாஸ்டிக் குப்பியின், அடியில் ஒட்டி வளரும் செல்களைப் பெயர்த்தெடுக்க எனக்கு ஐந்தே நிமிடம் போதும். என்சைமை ஊற்றினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அவளோ குளிர்ந்த உப்புக்கரைசலை ஊற்றி, பிளாஸ்க்கை உள்ளங்கையில் வைத்து முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருப்பாள். குழந்தையைத் தூங்கவைக்கிறாயா என்று சீண்டுவேன். தட்டுவதை நிறுத்த மாட்டாள்.

இருவருமே ஓய்வுபெற்றாயிற்று. ஆனாலும் அந்த ஆய்வுக்கூட அறை கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஸ்பிரிட் வாசனை, செல்களுக்கு உணவாகும் இளஞ்சிவப்புத் திரவம், அவை வளரும், அட்டையை மடித்துச் செருகினால்தான் கதவு மூடும் இன்குபேட்டர். சண்டை போட்டுக்கொண்டே எத்தனை டீ குடித்திருப்போம் அங்கே!

எங்கள் வேலை சினைப்பைப் புற்றுநோய் செல்களோடு. எந்த செல்லுக்கும் மேலே சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம் போல முளைத்திருக்கும். காப்பியில் போடும் சர்க்கரை இல்லை, அது வேறு வகை. சில புற்று செல்களில் இந்தப் போர்வை தடித்துவிடும். கீமோ மருந்து என்னதான் முட்டினாலும் அவை அசைந்துகொடுப்பதில்லை. அந்தச் சர்க்கரையை மட்டும் தேடிப் பிடித்துப் பச்சையாக மின்னும் ஒரு சாயம் எங்களிடம் இருந்தது.

அந்த நாளில் அக்காவுக்கும் அதே நோய் வந்தது. முதல் தடவை ஆறு கீமோவில் வயிற்றில் கட்டிய நீர் வற்றி, முடி வளர்ந்து, பழைய அதட்டலோடு எழுந்து நடந்தாள். ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதே மருந்து அவளை வாட்டியதே தவிர நோயைத் தொடவில்லை. இரண்டு தடவையும் வயிற்றிலிருந்து எடுத்த, புற்று செல்கள் மிதக்கும் நீரை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் சொன்னாள், ஏதோ பஸ் நம்பர் சொல்வது போல.

அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. முதல் தடவை, மகளின் இறுதிப் பரீட்சைக்காக மூன்றாவது கீமோவை இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தாள்.

"அதனாலதான் இப்ப மருந்து கேக்க மாட்டேங்குதாடி? பாத்துச் சொல்லு. எனக்கு ரொம்ப நாள் இல்ல" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பொறுக்குமா? இரண்டு பாட்டில் செல்களையும் வளர்த்து, என்சைம் ஊற்றிப் பெயர்த்து, சாயமிட்டுப் பார்த்தேன். இரண்டுமே இருட்டு, சர்க்கரைப் போர்வையே இல்லாததுபோல். அன்று மாலையே ஓடிப்போய், இரண்டிலும் வித்தியாசம் இல்லை, சர்க்கரைமேல் பழி போட முடியாது என்று ஒப்பித்துவிட்டேன். அக்கா தலையாட்டினாள். அப்படியென்றால் தான் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆமை என் படங்களை வெகுநேரம் பார்த்தாள். எதைக்கொண்டு பெயர்த்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"என்சைம் மேல இருக்கிற புரதத்தையெல்லாம் வெட்டிடும். சர்க்கரையும் அதோட சேந்து போயிடும். மொட்டையடிச்சு விட்டுட்டு முடி எங்கேன்னு தேடியிருக்க நீ."

அப்போதே இருபது வருடம் வேலை பார்த்திருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் புத்தி மழுங்கிப்போயிற்று. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு பொய்யை அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேனே, பாவி.

செல்கள் மறுபடி வளரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு காலையும் அக்கா இருக்கிறாளா என்று போன் செய்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். பன்னிரண்டாம் நாள் நானே பிளாஸ்க்கை உள்ளங்கையில் வைத்து முக்கால் மணி நேரம் தட்டினேன். ஆமை பக்கத்தில் நின்றாள், கிண்டல் செய்யவில்லை.

இரண்டாவது பாட்டிலின் செல்கள் ஏறக்குறைய எல்லாமே பச்சையாக மின்னின. முதல் பாட்டில் இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினொன்று மின்னிக்கொண்டிருந்தன. அது முதல் கீமோவுக்கும் முன்னால் எடுத்த நீர். ஒரே ஒருத்தியின் இரண்டு பாட்டிலை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போடாதே என்று ஆமை எச்சரித்தாள். அவை அங்கே இருந்தன என்பதை மட்டும் அவளும் மறுக்கவில்லை.

படத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். முதலில் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"ரெண்டு வாரத்தால ஒண்ணுமே ஆகலன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. ஆனா மருந்துக்கு அடங்காததுங்க முத நாளே உள்ள இருந்திருக்கு. நீ தள்ளிப்போட்டு உண்டாக்கினது இல்ல."

அக்கா படத்தை வாங்கவே இல்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்ட சொல்லு."

அக்காவின் மகள் ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தாள். நோய் திரும்பியதிலிருந்து அவள் உட்காருவது அங்கேதான். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வயசுத் திமிர் என்று நினைத்து நானே இரண்டு தடவை திட்டியிருக்கிறேன். அவளுடைய பரீட்சை அல்லவா அது! அக்கா அன்று பாத்துச் சொல்லு என்றது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படத்தை அவளிடம் நீட்டினேன். ஒவ்வொரு பச்சைப் புள்ளிமேலும் விரல் வைத்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"இது என்னைக்கு எடுத்தது சித்தி?"

ஓரத்தில் நான் எழுதியிருந்த, நீர் எடுத்த தேதியைக் காட்டினேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அவள் எழுந்து, படத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"கொஞ்சம் நகரும்மா" என்றாள்.