காதுக்குள் ஒரு சின்ன அறை

அவருக்கு எதைப் பார்த்தாலும் மின்சுற்றாகத்தான் தெரியும். அசைய அடம்பிடிக்கும் கனமான கதவு அவருக்குக் காயில் என்னும் கம்பிச்சுருள். உட்கார்ந்தால் அமுங்கி, எழுந்தால் உப்பும் மெத்தை, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர். கூட்டம் முட்டி மோதி ஏறும் மாடிப்படி, மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர். மனைவியின் கோபத்தையும் ஒருநாள் கெப்பாசிட்டர் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நொடியில் வெளியே வருவது எப்படி என்று நேரிலேயே தெரிந்துகொண்டார். அலுவலகத்தில் அவருக்குக் கெப்பாசிட்டர் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. கருவியைக் காதில் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை, யார் காதையும் தொடாமல், தாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். காதுத் துளைக்குள் அடைபட்ட காற்று அழுத்தினால் அமுங்கும், விட்டால் விரியும். அது ஒரு கெப்பாசிட்டர். செவிப்பறையின் எடைக்கு ஒரு காயில், உராய்வுக்கு ஒரு ரெசிஸ்டர். காது இருந்த இடத்தில் நாலைந்து கோடுகள் மிஞ்சும், கணக்கு மட்டும் பிசகாது. சோதித்துப் பார்க்க மேஜையில் ஒரு எஃகுக் கிண்ணம் இருந்தது. வளர்ந்த மனிதரின் காதுக்குள் எவ்வளவு காற்று பிடிக்குமோ, அவ்வளவு அதற்குள்ளும் பிடிக்கும்.

அவர் மகளுக்குக் காது மந்தம் என்று தெரிந்தபோது, டாக்டர் சொன்ன அளவுக்குக் கருவியைத் தானே தயார் செய்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்யாத வேலை என்ன வேலை?

ஆனால் வீட்டில் பொடிசு என்று அழைக்கப்பட்ட அந்த மகள், கருவியை மாட்டிய மறுகணமே வீறிட்டு அழுதாள். பிடுங்கி எறிந்தாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் அதைத் திரும்ப மாட்டி, அவள் காதருகே குனிந்து இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவள் இன்னும் அழுதாள். இப்போதெல்லாம் அப்பா வந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

"ஏங்க, போதும் விட்டுடுங்க," என்றாள் மனைவி அன்று காலையில். "அவ உங்கள பாத்து நடுங்குறா."

"மாட்டாம எப்படிம்மா நல்லா பேச்சு வரும்?"

"பேச்சு வரும்போது வரட்டும். முதல்ல அவ உங்ககிட்ட வரட்டும்."

அவர் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதை மறுபடியும் கிண்ணத்தில் பொருத்தினார். பொடிசின் காதுக்கென்று அச்செடுத்துச் செய்த சின்ன மூடி கிண்ணத்தின் வாயில் நிற்காமல் ஆடியது. எப்போதும்போலச் சுற்றிலும் களிமண்ணை அப்பி அடைத்தார். அளவுகள் எப்போதும்போலக் கச்சிதமாக வந்தன. எரிச்சலில் மேஜைமேல் தலையைச் சாய்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. கண் சொருகியது.

அவர் ஒரு சத்தமாகியிருந்தார். தான் வரைந்த கோட்டின்மேலேயே நடந்துகொண்டிருந்தார். காயிலுக்குள் நுழைந்ததும் கால்கள் கனத்தன, பிறகு நிற்க முடியாமல் ஓடின. ரெசிஸ்டரின் சந்தில் தோள் உரசியது. அதைத் தாண்டினால் கெப்பாசிட்டர்: உயரமான, வெள்ளையான, காற்று நிறைந்த கூடம். பின்னாலேயே அவரைப்போல இன்னும் பலர் வந்தார்கள். எல்லோருக்கும் இடமிருந்தது, கைவீசி நடந்தார்கள். அவருக்கு அங்கே சுகமாக இருந்தது.

கூடத்தின் கோடியில் களிமண் பூசிய ஒரு குட்டிக் கதவைப் பார்த்தார். விரலால் மண்ணைச் சுரண்டி உள்ளே புகுந்தார். அங்கேயும் ஓர் அறைதான். ஆனால் நுழைந்ததுமே சுவர் மூக்கில் இடித்தது. கூட வந்த அத்தனை பேரும், ஒருவர் குறையாமல், அவருக்குப் பின்னால் நுழைந்தார்கள். நெருக்கினார்கள். மூச்சு முட்டி அவர் அலறினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது, அவருக்கு நன்றாகத் தெரிந்த அழுகை.

விழித்தபோது நகக்கண்ணில் களிமண் இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைக்க மண் எதற்கு? மூடி சின்னது, கிண்ணம் பெரியது. பொடிசின் காதும் சின்னது. ஒரே செம்புத் தண்ணீர் அண்டாவின் அடியில் கிடக்கும், டம்ளரில் பொங்கி வழியும், சத்தமும் அப்படித்தான். இத்தனை நாளாகக் கை மண்ணை அப்பிக்கொண்டே இருந்தது, தலை ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர் காதை வரைந்து வைத்துக்கொண்டு, குழந்தையின் காதில் இடியை இறக்கியிருக்கிறார். போதாததற்கு அருகில் போய்க் கத்தவும் செய்திருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பொடிசின் காதச்சை எடுத்து அளந்து, கெப்பாசிட்டரைச் சின்னதாக்கிக் கணக்கைத் திரும்பப் போட்டார். அழுத்தம் கிடுகிடுவென ஏறியது. கருவியின் சத்தத்தை அந்த அளவுக்குக் குறைத்தார்.

சாயங்காலம் கருவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் வாசற்படிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீயே மாட்டு. நான் கிட்ட வரல."

கட்டிலுக்கு அடியிலிருந்து பொடிசை இழுத்து மடியில் வைத்து மனைவி மாட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து, அழுவதற்குத் தயாராக வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. ஜன்னல் திரை உரசியது. திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வளையல் அசைந்தது. அதையும் பார்த்தாள்.

அவர் இருந்த இடத்திலிருந்தே, எப்போதும் பேசும் குரலில், "பொடிசு" என்றார்.

அவள் கைகள் பழக்கத்தில் காதுக்குப் போயின. பாதியில் நின்றன. வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி நடந்து வந்து, அவர் வாயைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம் வார்த்தைகள்தான்.

"அப்பா," என்றாள். "கோவம் போச்சா?"